வங்கிக் கணக்கும் வங்கிக் கடனும்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் வங்கியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் கழகத்தின் விண்ணப்பக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர்க்கு அந்த ஐயம் எழாது. மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, முதல் பருவக் கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டியுள்ளோம், அடுத்த பருவத்திற்கு வழியில்லை என்று எழுதாத பெற்றோர் குறைவு. பிள்ளை பட்டம் பெறுமுன் தோட்டைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். கல்வியும் கடனும் நம் தெருக்களில் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே, வங்கிப் பணியில் பல்லாண்டுகள் கழித்த நம் உறுப்பினர் சிலர் கூடிக் கலந்து தொகுத்த செய்திகளை அனைவர் சார்பிலும் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

கடன் என்னும் சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. பிறருக்குக் கடன் என்பது பணச் சுமை. நம் முன்னோர்க்கோ அது காலில் இட்ட தளை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹியர் 1891 இல் எழுதிய அறிக்கை, திருமணத்திற்கும் பஞ்ச காலத்திற்கும் வாங்கிய சிறு தொகைக்காகத் தம்மையே ஈடு வைத்துப் படியாளாக உழைத்தவர்களின் நிலையை அரசுக்கு எடுத்துக் காட்டியது. அதன் விளைவாக 1892 இல் வந்த அரசாணையின் வழியாகவே பஞ்சமி நிலங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டன. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று நம் கையில் உள்ளது என்பது தனிக் கதை. பின்னாளில் அதற்கும் இந்தப் பேச்சுக்கும் உள்ள தொடர்பைச் சொல்வோம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976 இல்தான் நிறைவேறியது. தந்தை வாங்கிய கடனுக்கு மகன் மாடு மேய்க்க வேண்டியதில்லை என்று இந்த நாட்டின் சட்டம் உரைத்து இன்னும் ஒரு மனிதர் ஆயுள் கூட முழுமையாகக் கழியவில்லை.

ரிசர்வ் வங்கி என்றதும் நம் மேடைகளில் ஒரு செய்தி தவறாமல் முழங்கும். அதை நிறுவியவரே அண்ணல் அம்பேத்கர் என்பது அது. இதை அளவோடு சொல்வதே அண்ணலுக்குச் சிறப்பு என்று கருதுகிறோம். இலண்டனில் பொருளியல் பயின்று, ரூபாயின் சிக்கல் குறித்து அவர் எழுதிய ஆய்வு 1923 இல் நூலாக வெளிவந்தது. இந்திய நாணய முறையை ஆராய வந்த ஹில்டன் யங் குழுவின் முன் 1925 இல் அவர் சாட்சியம் அளித்தார். நாட்டிற்கு ஒரு மைய வங்கி வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதன்பின் 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1935 ஏப்ரல் 1 ஆம் நாள் ரிசர்வ் வங்கி தொடங்கிற்று. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாத ஒருவர், ஒரு பேரரசின் நாணயக் கொள்கை தவறு என்று அக்குழுவின் எதிரே அமர்ந்து வாதிட்டார். இதற்குமேல் நாம் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி, ரிசர்வ் வங்கிக்கும் ஏழையின் கடனுக்கும் என்ன தொடர்பு? நோட்டு அச்சிட்டு வெளியிடுவதும், பிற வங்கிகளுக்கு வங்கியாக இருந்து கண்காணிப்பதும், பணத்தின் மதிப்பைக் காப்பதும் மைய வங்கியின் பொதுவான வேலைகள். நம் ரிசர்வ் வங்கிக்கு வேளாண் கடனைக் கவனிக்கவென ஒரு தனித் துறை தொடக்கத்திலேயே சட்டத்தால் விதிக்கப்பட்டது. 1949 ஜனவரி 1 முதல் வங்கி நாட்டுடைமை ஆயிற்று. அடுத்து, 1951-52 இல் 75 மாவட்டங்களில் 600 ஊர்களில் ஒரு பெரும் கடன் ஆய்வை அது நடத்தியது. 1954 இல் வந்த அறிக்கை நாட்டைத் திடுக்கிடச் செய்தது. உழவர் பெற்ற கடனில் அரசு தந்தது நூற்றுக்கு 3.3. கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது 3.1. வணிக வங்கிகளோ ஒன்றுகூட இல்லை, 0.9. ஏறத்தாழ 70 பங்கு லேவாதேவிக்காரரிடமிருந்து வந்தது. அதுவும் உழவரின் கணக்கு. நிலமே இல்லாத கூலியின் கணக்கை எடுத்திருந்தால் அந்த 0.9 எங்கே நின்றிருக்கும் என்பதை அவையோர் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த அறிக்கையின் பயனாக 1955 இல் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. ஐந்தாண்டில் 400 புதிய கிளைகள் திறக்க வேண்டும் என்ற கடமையும் அதற்கு விதிக்கப்பட்டது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளும், 1980 ஏப்ரல் 15 அன்று மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. மாவட்டத்திற்கு ஒரு முன்னோடி வங்கி என்னும் திட்டத்தை 1969 இறுதியில் ரிசர்வ் வங்கி கொணர்ந்தது. 1977 முதல் 1990 வரை அது ஒரு கண்டிப்பான விதியை நடத்திற்று. வங்கி உள்ள ஊரில் மேலும் ஒரு கிளை திறக்க விரும்பும் வங்கி, வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறந்தாக வேண்டும். 1969 இல் நாட்டில் இருந்த கிளைகள் ஏறத்தாழ 8,260. அவற்றுள் கிராமங்களில் 1,830 அளவே இருந்தன. 1991 இல் மொத்தம் 60,000 தாண்டியது, கிராமக் கிளைகள் 35,000 தாண்டின. வாராக் கடன் பெருகியது, செலவு மிகுந்தது என்று இந்த விதியைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறைகள் பொய்யல்ல. ஆயினும் கிளைகள் பரவிய மாநிலங்களில் கிராம வறுமை குறைந்தது என்று பின்னாளில் பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். நம் பெரியவர்கள் பலர் முதன்முதலில் வங்கிக் கட்டடம் ஒன்றினுள் நுழைந்தது அந்தக் காலத்தில்தான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. வங்கிகள் பொதுத்துறைக்கு வந்ததனால் அவற்றில் இட ஒதுக்கீடும் வந்தது. கவுண்டரின் இந்தப் பக்கம் நிற்கவே தயங்கிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் அமர்ந்தார்கள். இந்த உரையைத் தயாரித்த நாங்களும் அவ்வழியே வந்தவர்களே.

1991 க்குப் பின் காற்று திசை மாறிற்று. இலாபம் முதன்மை பெற்றது. கிராமக் கிளைகள் பல மூடப்பட்டன, சில இணைக்கப்பட்டன. முன்னுரிமைக் கடனின் பங்கை 40 இலிருந்து 10 ஆகக் குறைக்கலாம் என்றுகூட ஒரு குழு பரிந்துரைத்தது. நல்லவேளையாக அது ஏற்கப்படவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் ஏழைகளுக்கு ஆறுதலாக இருந்தவை மகளிர் சுய உதவிக் குழுக்கள். பதிவு செய்யப்படாத குழுவுக்கும் வங்கிக் கணக்குத் திறக்கலாம் என ரிசர்வ் வங்கி இசைந்தது. 1992 இல் நபார்டு வங்கி 500 குழுக்களைக் கொண்டு வங்கி இணைப்பைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் தருமபுரியில் 1989 இலேயே இதற்கு வித்திடப்பட்டிருந்தது.

2005 இல் ரிசர்வ் வங்கியே தன் கொள்கை அறிக்கையில், வங்கிகளின் நடைமுறைகள் பெருந்திரளான மக்களை விலக்கி வைக்கின்றன என்று கவலை தெரிவித்தது. நிதி உள்ளடக்கம் என்று இன்று வழங்கும் பெயர் அப்போதுதான் பரவலாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் நமக்கு அண்டையில் உள்ள புதுவையின் மங்கலம் என்னும் ஊரில், இந்தியன் வங்கி வீடுதோறும் கணக்குத் திறந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கி வசதி கிடைத்த முதல் ஊர் என்று அது போற்றப்பட்டது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாத எளிய கணக்கு 2005 நவம்பரில் வந்தது. கிளை திறக்க இயலாத ஊருக்குக் கைக்கருவியோடு செல்லும் வங்கி முகவர் முறை 2006 ஜனவரியில் ஏற்கப்பட்டது. 2012 இல் எளிய கணக்கு, அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று செப்பனிடப்பட்டது. 2014 ஆகஸ்ட் 28 அன்று நடுவணரசு ஜன்தன் திட்டத்தைத் தொடங்க, இன்று அக்கணக்குகள் 50 கோடியைத் தாண்டிவிட்டன. நூறு நாள் வேலைக் கூலியும் உதவித்தொகையும் ஓய்வூதியமும் இடையில் எவர் கையும் படாமல் கணக்கில் வந்து விழுந்தன. இது சிறிய மாற்றமன்று. ஊர்த் தலைவர் வீட்டுத் திண்ணையில் கை கட்டி நின்று கூலி வாங்கியவர்க்கே இதன் அருமை தெரியும்.

ஆனால் தோழர்களே, கணக்கு வேறு, கடன் வேறு. நாம் இன்று அழுத்திச் சொல்ல வந்தது இதுவே. கணக்குப் புத்தகம் நம் பணத்தை வங்கிக்குக் கொண்டு சேர்க்கிறது. வங்கியின் பணம் நம்மிடம் வருவதற்கு அதனால் மட்டும் வழி பிறப்பதில்லை. 50 கோடிக் கணக்கு என்று பெருமை பேசும்போது, அக்கணக்கு உள்ளவர்க்குத் திறந்த கடன் எவ்வளவு என்று கேட்பது நம் உரிமை. ஜன்தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று பெற வழியுண்டு. ஆறு மாதம் கணக்கை ஒழுங்காக நடத்தியவர் கேட்கலாம். இந்த அவையில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறோம்?

ஏன் கடன் வாயில் இறுகிக் கிடக்கிறது? வங்கி ஈடு கேட்கிறது. ஈடு என்றால் நிலம், வீட்டுப் பத்திரம், அல்லது நிலமும் பத்திரமும் உள்ள ஒருவரின் ஜாமீன். நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நூற்றாண்டுகளாக விலக்கப்பட்ட ஒரு மக்களிடம் நிலத்தைக் காட்டு என்பது எத்தகைய நியாயம்? கிடைத்த பஞ்சமி நிலமும் பெரும்பாலும் பிறர் கைக்குப் போயிற்று. எஞ்சியதும் விற்பனைக்குத் தடையுள்ள நிலம் என்பதால் மேலாளர்கள் அதை ஈடாக ஏற்கத் தயங்குவர். காலனி வீட்டு மனைக்குப் பட்டா தாமதப்படுகிறது. ஜாமீன் நிற்கக்கூடியவரோ ஊரின் மறுபக்கம் வாழ்கிறார். ஆக, எவரும் சாதியைச் சொல்லி மறுக்காமலேயே சாதி மறுத்துவிடுகிறது.

இதனை அறிந்தே ரிசர்வ் வங்கி சில கட்டளைகளைப் பிறப்பித்துள்ளது. வணிக வங்கிகள் தம் கடனில் நூற்றுக்கு 40 பங்கை முன்னுரிமைத் துறைகளுக்கும், அதனுள் 12 பங்கை நலிந்த பிரிவினர்க்கும் வழங்க வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அந்த நலிந்த பிரிவில் எண்ணப்படுகின்றனர். சிறு குறு உழவரும் சுய உதவிக் குழுக்களும் அதே பிரிவில் அடங்குவதால், நம்மவர்க்கு எதுவும் தராமலேயே ஒரு வங்கி அந்த 12 ஐ நிரப்பிவிட இடமுண்டு. 2016 முதல் இன்னொரு வசதியும் வந்துள்ளது. இலக்கை எட்டாத வங்கி, இலக்கைத் தாண்டிய வங்கியிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். பொருளியலார் இதனைத் திறமையான ஏற்பாடு என்பர். கடமையையே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நம்மால் பாராட்ட இயலவில்லை.

1972 இல் வந்த வேறுபட்ட வட்டி விகிதத் திட்டத்தைப் பாருங்கள். வட்டி நூற்றுக்கு 4 மட்டுமே. முந்தைய ஆண்டுக் கடனில் 1 பங்கை இதற்கு ஒதுக்கி, அதில் 40 பங்கை நம்மவர்க்குத் தர வேண்டும் என்பது விதி. எத்துணை அருமையான திட்டம்! ஆனால் தகுதிக்குரிய ஆண்டு வருமானம் கிராமத்தில் 18,000, நகரத்தில் 24,000 ரூபாய் என்று வைத்தார்கள். கடன் தொகையோ 15,000. இன்றைய விலைவாசியில் அந்த வருமானத்திற்குள் அடங்கும் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பதே கடினம். 2016 ஏப்ரலில் தொடங்கி 2025 வரை நடந்த ஸ்டாண்டு-அப் இந்தியா, ஒவ்வொரு கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும் மகளிர் ஒருவருக்கும் 10 இலட்சம் முதல் 1 கோடி வரை தொழிற்கடன் தர வேண்டும் என்றது. பயன்பெற்றோரில் மிகப் பெரும்பான்மையோர் மகளிர். மகளிர் பெற்றது மகிழ்ச்சியே. ஆனால் கிளைக்கு ஒருவர் என்ற நம் பங்கு நிறைவேறவில்லை.

இப்போது நாம் சொல்லப்போவதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்குக் கடன் வழங்குவது பற்றி ரிசர்வ் வங்கி ஒரு தனிச் சுற்றறிக்கை வைத்துள்ளது. நம்மவரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் தம் அளவில் தள்ளுபடி செய்யலாகாது. மறுப்பதானால் அவருக்கு அடுத்த மேல்நிலை அலுவலர் மறுக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிக்க வேண்டும். அரசு உதவியுடன் கூடிய சுயதொழில் திட்டங்களில் நம்மவரிடம் வைப்புத்தொகை கட்டு என்று வற்புறுத்தக் கூடாது. தாட்கோ வழியாகத் தொழிற்கடன் கேட்டுச் செல்வோர் இதை நெஞ்சில் நிறுத்துக. முன்னுரிமைக் கடன் விண்ணப்பம் எதுவாயினும் பெற்றுக்கொண்டதற்கு வங்கி ஒப்புகைச் சீட்டு அளிக்க வேண்டும்.

கல்விக் கடனில் 4 இலட்சம் வரை எவ்வித ஈடும் கேட்கலாகாது. 7.5 இலட்சம் வரையிலான கடனுக்கு 2015 முதல் நடுவணரசின் உத்தரவாத நிதி துணை நிற்கிறது. உங்கள் காலனி எங்கள் கிளையின் எல்லைக்குள் வராது என்று சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாதென 2012 இலேயே ரிசர்வ் வங்கி ஆணையிட்டுவிட்டது. முதன்முறையாகக் கடன் கேட்பவரை, சிபில் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பலாகாது என்றும் 2025 இல் அறிவுறுத்தியுள்ளது.

இவ்வளவு விதிகள் இருந்தும் மறுப்பு நிகழ்வது எப்படி? நாங்கள் அந்தப் பக்கம் அமர்ந்து கண்டது இது. மறுப்பு ஒருபோதும் தாளில் எழுதப்படுவதில்லை. படிவம் தீர்ந்துவிட்டது, மேலாளர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த மாதம் வாருங்கள், உங்கள் பகுதியில் பழைய பாக்கி நிறைய இருக்கிறது என்ற வாய்ச்சொல்லிலேயே அது முடிந்துவிடும். நம் பகுதி மாணவி ஒருவர் செவிலியர் படிப்புக்கு ஒரு கிளைக்கு ஐந்து முறை நடந்தார். ஐந்து முறையும் விண்ணப்பம் பெறப்படவே இல்லை. பெறாத விண்ணப்பத்தை மறுத்ததாக எந்தப் பதிவேட்டிலும் இராது. அந்தக் கிளையின் ஏட்டில் பட்டியல் சாதியினரின் தள்ளுபடி எண்ணிக்கை சுழியமாகவே இருக்கும்! ஆறாம் முறை, விண்ணப்பத்தைப் பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பச் செய்தோம். மூன்று வாரத்தில் அழைப்பு வந்தது. அதே மேலாளர், அதே படிவம். வேறுபாடு ஒரு அஞ்சல் அட்டைதான்.

வங்கிப் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. ஒருவரே காசாளராகவும் கடன் அலுவலராகவும் அல்லாடும் சிறு கிளைகள் உண்டு. வாராக் கடனுக்கு விளக்கம் கேட்கும் மேலதிகாரி, கொடாத கடனுக்கு விளக்கம் கேட்பதில்லை. திருப்பிச் செலுத்தாத கடன், அடுத்து வரும் பிள்ளையின் விண்ணப்பத்தின் மேல் கல்லாக விழுகிறது என்பதும் உண்மை. தேர்தல் காலத்தில் தள்ளுபடி வரும் என்று சொல்லித் தவணையை நிறுத்தச் சொல்வோரின் பேச்சைக் கேட்டவர்கள் பின்னர் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

வங்கி கை விரித்த இடத்தில் இப்போது புதிய கடன்காரர்கள் நுழைந்துள்ளனர். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 இல் சட்டம் வந்தது. அதன்பின் வாரத்தவணை நிறுவனங்கள் நம் தெருக்களை நிறைத்தன. பெண்களே அவர்களின் குறி. நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022 இல் வகுத்த நெறிகளைத் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு வருமானம் 3 இலட்சம் வரையுள்ள குடும்பத்திற்கு ஈடின்றித் தரும் கடனே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வந்து நிற்கக் கூடாது. ஆனால் அதே நெறிகள் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டன. வட்டி எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்ற விதி மட்டும் எஞ்சியது. அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கையெழுத்துக்கு முன் அதைப் படித்துக் காட்டட்டும்.

கைநாட்டு பற்றியும் ஒரு சொல். அன்று புரோநோட்டில் பெருவிரலை உருட்டினோம். இன்று வங்கி முகவரின் கருவியில் விரல் வைக்கிறோம். எடுத்தது 500 என்றால் சீட்டிலும் 500 என்று அச்சாகி வர வேண்டும். பதியவில்லை, மறுபடி வையுங்கள் என்றால், முதல் முறைக்குரிய சீட்டைக் கேளுங்கள். முதியோர் தனியே செல்லாதிருத்தல் நலம்.

வங்கி செவிசாய்க்காவிடில் எங்கே போவது? முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் விடை இல்லையேல், அல்லது விடை நிறைவளிக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2021 நவம்பர் முதல் இது நாடு முழுமைக்கும் ஒரே திட்டமாக இயங்குகிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கடன் தந்தே ஆக வேண்டும் என்று குறைதீர்ப்பாளர் கட்டளையிட மாட்டார். வணிக முடிவு வங்கியினுடையது என்பார். ஆனால் விண்ணப்பத்தைப் பெறாதது, ஒப்புகை தராதது, விதியை மீறி ஈடு கேட்டது ஆகியவை சேவைக் குறைபாடுகள் என்று நாம் வாதிட இடமுண்டு.

ஆகவே கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வங்கிப் பணியிலும் ஓய்விலும் உள்ள நம் உறுப்பினர்கள், கல்லூரிச் சேர்க்கை நடைபெறும் மாதங்களில் ஞாயிறுதோறும் காலையில் கழகப் படிப்பகத்தில் அமர்வோம். கடன் விண்ணப்பங்களை நிரப்பித் தருவோம். ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஒன்று படிப்பகச் சுவரில் ஒட்டப்படும். ஒரு பதிவேடும் அங்கே இருக்கும். யார், எந்தக் கிளைக்கு, எந்த நாளில் விண்ணப்பித்தார், ஒப்புகை கிடைத்ததா, என்ன விடை வந்தது என்பவை அதில் ஏறும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் வங்கிகள் கூடும் ஆலோசனைக் குழுவுக்கு அந்தப் பதிவேட்டின் நகலை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும் எனத் தீர்மானம் முன்மொழிகிறோம். விண்ணப்பிக்க விரும்புவோர் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், பெற்றோரின் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இரண்டிரண்டாகக் கொண்டு வருக. அஞ்சல் செலவைக் கழகமே ஏற்கும் எனச் செயலாளர் இசைந்துள்ளார்.